ரமழான் நோன்புக்கு வீட்டை ரெடி பண்றது எப்படி: ரஜப் மாசத்துல இருந்து பெருநாள் ராவு வரைக்கும் ஒரு கொழும்பு உம்மாவோட முழு பிளான்

அஸ்ஸலாமு அலைக்கும்.

நாலஞ்சி வருஷத்துக்கு முந்தி, பத்தாவது நோன்போ பதினோராவதோ, அடுப்படியில நின்டு சமூசா பொரிச்சிக்கிட்டு இருக்கேன், ஒரு பக்கம் எண்ணெய் கொதிக்குது, மத்தப் பக்கம் கஞ்சி அடிப்பிடிச்சிரும் போல, ஹோல்ல எல்லாரும் மேசையில உட்கார்ந்து கையேந்தி துஆ கேட்டுக்கிட்டு இருக்காங்க, பாங்கு சொல்லிட்டாங்க. மாமி சத்தம் வெக்கிறாங்க, "மகள், நோன்பு திறங்க". எண்ணெய்க் கையாலயே ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில போட்டுட்டு அகப்பையை திருப்பினேன். அப்ப நடு மகன், அஞ்சு வயசு, குசினி வாசல்ல நின்டு என்னையே பாத்துட்டு கேட்டான், "உம்மா, நீங்க நோன்பு இல்லையா?" அவன் மேல பிழை இல்ல. அவன் பாத்த ஒரு நாள்லயும் நான் அந்த மேசையில இருந்து நோன்பு திறக்கல்லயே.

அன்டைக்கு ராவு அவரோட கதைச்சி ஒரு சட்டம் போட்டோம்: பாங்குக்கு பத்து நிமிஷம் முந்தி அடுப்பு ஓஃப், உம்மாவும் மேசையில. கீழ எழுதியிருக்கிற எல்லாமே அந்த பத்து நிமிஷத்தை எப்படி சம்பாதிக்கிறது எண்டுதான். நாங்க தெமட்டகொட பக்கம், வீட்டுல ஆறு பேர், நான், அவர் (பெட்டா கடைத்தெருவுல வேலை), மாமி, மூணு பிள்ளைகள். அளவெல்லாம் அந்த ஆறு பேருக்கு, நீங்க உங்க வீட்டுக்கு ஏத்த மாதிரி கூட்டிக் குறைச்சிக்கோங்க.

1. முதல்ல பழைய கடனை முடிங்க

ரஜப் (ரமழானுக்கு ரெண்டு மாசம் முந்தின மாசம்) பிறந்தவுடனே ஒரு கொப்பி எடுத்து போன வருஷத்து களா நோன்பு (விட்டுப் போய் திரும்பப் பிடிக்க வேண்டியது) யாருக்கு எத்தனை எண்டு எழுதுங்க. பொம்பளைகளுக்கு ஆறு ஏழு நாள் எப்படியும் இருக்கும், பிள்ளைத்தாச்சியா இருந்தவங்க, பால் குடுத்தவங்க, சுகமில்லாம இருந்தவங்க எண்டா இன்னும் கூட. திங்களும் வியாழனும் பிடிச்சா ஒரு மாசத்துல எட்டு நோன்பு கழிஞ்சிரும், சுன்னத்தான நாள்ல பிடிச்ச மாதிரியும் ஆச்சி. காரணமே இல்லாம அடுத்த ரமழான் வரைக்கும் இழுத்தடிச்சா நம்ம ஷாஃபிஈ மத்ஹப்ல (நாம பின்பற்றுற மார்க்கச் சட்ட வழி) களாவோட சேத்து ஒரு நாளைக்கு ஒரு முத்து எண்ட அளவு அரிசி, கிட்டத்தட்ட 600 கிராம், ஏழைக்கு குடுக்கணும். கடைசி கிழமையில ஏழு நாள் ஒட்டுக்கு பிடிச்சி களைச்சிப் போய் ரமழானுக்குள்ள போறது சரியான பாடு, நான் பட்டிருக்கேன்.

பெரிய மகளுக்கு பதிமூணு வயசு. அவளுக்கு தனியா ஒரு சின்ன கொப்பி வாங்கிக் குடுத்திருக்கேன். நோன்பு இல்லாத நாள்ல தம்பிமாருக்கு தெரியாம பாத்ரூமுக்குள்ள ஒளிச்சி பிஸ்கட் தின்ன காலமெல்லாம் என்னோட போகட்டும். அல்லாஹ் குடுத்த சலுகை, அதுக்கு என்னத்துக்கு வெக்கம்? குசினியில உட்கார்ந்து ஒழுங்கா சாப்பிடுங்க எண்டு சொல்லிட்டேன், பொடியன்மாருக்கும் வயசுக்கு ஏத்த மாதிரி வெளங்கப்படுத்தியாச்சி.

2. டொக்டர்கிட்ட போறது

வீட்டுல சீனி, பிரஷர், கிட்னி எண்டு யாருக்காவது இருந்தா நோன்புக்கு ஆறு எட்டு கிழமைக்கு முந்தியே கிளினிக்ல கதைச்சிருங்க. மாமிக்கு இருபது வருஷமா சீனி. ஒரு வருஷம் அவங்களே மருந்தை மாத்திக்கிட்டாங்க, காலை குளிசையை சஹருக்கும் (விடியுறதுக்கு முந்தின சாப்பாடு) ராவுக் குளிசையை நோன்பு திறந்த உடனேயும் எண்டு, சரியா இருக்கும்போலத்தான் இருந்திச்சி, நாலாவது நாள் அஸருக்கு (பின்னேரத் தொழுகை நேரம்) வேர்த்து விறைச்சி கை நடுங்கி உட்கார்ந்துட்டாங்க. ஒவ்வொரு குளிசையும் ஒவ்வொரு மாதிரி வேலை செய்யுது, எதைக் குறைக்கிறது எதை ராவுக்கு மாத்துறது எண்டு டொக்டர்தான் சொல்லணும்.

விரல்ல குத்தி சீனி பாத்தா நோன்பு முறியாது. இதை மாமிக்கு நம்ப வெக்க பள்ளி மௌலவியையே கதைக்க வெக்க வேண்டி வந்திச்சி. மீட்டர்ல 70க்கு கீழ காட்டினாலோ 300க்கு மேல போனாலோ நேரம் பாக்காம நோன்பை முறிச்சிரணும், இது டொக்டர்மார் எல்லாரும் சொல்ற கணக்கு. மஃரிபுக்கு (சூரியன் மறைஞ்சி நோன்பு திறக்கிற நேரம்) இன்னும் கால் மணித்தியாலம்தானே எண்டு பொறுத்துப் பாக்குற விஷயமில்ல. இனி சுகமாகவே வழியில்லாத வருத்தக்காரருக்கும் ரொம்ப வயசானவங்களுக்கும் நோன்புக்கு பதிலா பித்யா இருக்கு, அதே ஒரு முத்து கணக்குத்தான். அதைக் குடுக்கிறதும் இபாதத் (வணக்கம்) எண்டு வயசானவங்களுக்கு பக்குவமா எடுத்துச் சொல்லுங்க, அவங்க மனசு உடையாம.

3. பிளேன் டீ

சின்ன விஷயம், ஆனா முதல் மூணு நோன்பை நாசமாக்குறது இதுதான். ஒரு நாளைக்கு அஞ்சு பிளேன் டீ குடிக்கிற மனுஷனுக்கு திடீரெண்டு நிப்பாட்டினா தலையிடி வராம என்ன செய்யும். ரெண்டு கிழமைக்கு முந்தியே ஒவ்வொண்டா குறைச்சி, முதல் டீயை காலையில குடிக்காம மஃரிபுக்கு அப்புறமா தள்ளுங்க. எங்க வீட்டுல அவருக்கு இதை சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம்.

4. சாமான்

நோன்பு பிறந்த பிறகு பெட்டாவுக்குள்ள போறது எண்டா சனத்துக்குள்ள மூச்சு விட ஏலாது. ஷஃபான் (ரமழானுக்கு முந்தின மாசம்) 15க்கு முந்தியே நாலாம் குறுக்குத் தெருவுல அரிசி, பருப்பு, சீனி, வெங்காயம் எல்லாம் மொத்தமா எடுத்துருங்க. ஆறு பேருக்கு நாங்க எடுக்கிறது: கஞ்சிக்கு பச்சையரிசி 6 கிலோ, பாசிப்பயறு ஒண்டரைக் கிலோ, வெந்தயம் 250 கிராம், கசகசா (சர்பத்துக்கு ஊற வெக்கிற சப்ஜா விதை) 200 கிராம், பேரீச்சம்பழம் 3 கிலோ. பேரீச்சம்பழக் கணக்கு லேசு, ஆளுக்கு நாளைக்கு மூணு எண்டு போட்டா 540 பழம், அத்தோட சவூதியில இருந்து வர்ற பழத்தை பள்ளிகள்ல பங்கு வெக்கிறதால கொஞ்சம் அங்கயும் கிடைக்கும். அஜ்வா, மெத்ஜூல் எல்லாம் விரும்பினா ஒரு பெட்டி எடுங்க, தினமும் அதுதான் வேணும் எண்டு ஒண்டுமில்ல. மரக்கறி, பழம், தயிர் கிழமைக்கு கிழமை வாங்குறதுதான் நல்லது.

கேஸ் சிலிண்டர் ஒண்டு ஸ்பெயாருக்கு கட்டாயம் வெச்சிருங்க. 2022 நோன்பை யாரும் மறந்திருக்க மாட்டீங்க, ஏப்ரல் மாசம், கேஸ் இல்ல, கரண்ட் மணித்தியாலக்கணக்குல இல்ல, மெழுகுதிரி வெளிச்சத்துல சஹர் சாப்பிட்டோம், ஃபிரீசர்ல வெச்சிருந்த அத்தனை ரோல்ஸும் தண்ணியா போயிருச்சி. அந்த வருஷம் முழுக்க பேரீச்சம்பழம், தண்ணி, பின் வளவுல மூணு கல்லு வெச்சி விறகுல காய்ச்சின கஞ்சி, அவ்வளவுதான் மேசையில. ஆனா ஒண்டு சொல்லட்டுமா, அந்த வருஷம்தான் நான் ரொம்ப நாள் மேசையில உட்கார்ந்து நோன்பு திறந்தது.

5. சமூசா நாள்

இதுதான் அந்த பத்து நிமிஷத்தோட உயிர், அதால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

ஷஃபான் கடைசியில ஒரு போயா லீவோ ஞாயித்துக்கிழமையோ பாத்து ராத்தா, தங்கச்சி, சாச்சி எல்லாரையும் ஒரு வீட்டுக்கு எடுங்க. தனியா செஞ்சா தண்டனை, சேந்து செஞ்சா பெருநாள். கணக்கு இப்படி: ஆறு பேர், ஆளுக்கு ரெண்டு, 30 நாள், 360. ஆனா தினமும் பொரிச்சது தின்னத் தேவையில்ல, கிழமைக்கு நாலு நாள் போதும் எண்டு நாங்க 200ல நிப்பாட்டிட்டோம். 100 சமூசா, 60 கட்லிஸ், 40 ரோல்ஸ்.

உள்ளுக்கு வெக்கிற கறி நல்லா வறண்டு, முழுசா ஆறி இருக்கணும். சூட்டோட வெச்சி மடிச்சா ஆவி பட்டு லீஃப் (சமூசாவோட மேல் மாவு) நனைஞ்சி, பொரிக்கக்குள்ள வெடிச்சி எண்ணெய் எல்லாம் கறியாகும். இறைச்சியை ராவே சமைச்சி வெச்சிட்டு காலையில மடிக்க உட்காருங்க. கிழங்கு கூடப் போட்டா ஃபிரீசர்ல இருந்து எடுத்தா தண்ணி விடும், அதால இறைச்சி கூட, கிழங்கு கொஞ்சம். கோதுமை மாவை தண்ணியில கெட்டியா கரைச்சி ஓரத்துல பசை மாதிரி பூசுங்க, மூலையில ஊசி ஓட்டை கூட இருக்கக் கூடாது. மடிச்சதை தட்டுல ஒண்டோட ஒண்டு முட்டாம பரப்பி ஃபிரீசர்ல ரெண்டு மூணு மணித்தியாலம், கல்லு மாதிரி ஆன பிறகு பன்னிரண்டு பன்னிரண்டா பேக்ல போட்டு, மேல என்ன சாமான், என்ன திகதி எண்டு எழுதுங்க. எழுதாம விட்டா கடைசியில மீன் எது இறைச்சி எது எண்டு தெரியாம ஒவ்வொண்டா கடிச்சிப் பாக்க வேண்டி வரும். பொரிக்கிற அன்டைக்கு வெளிய எடுத்து உருக விடாதீங்க, ஃபிரீசர்ல இருந்து நேரா நடு நெருப்புல எண்ணெய்க்குள்ள.

பிள்ளைகளையும் உட்கார வைங்க. அவங்க மடிச்சது கோணல் மாணலாத்தான் இருக்கும். நோன்பு திறக்கக்குள்ள "இது நான் மடிச்சது" எண்டு தேடித் தேடி எடுக்கிறதைப் பாக்கணும்.

6. உடுப்பு

பெருநாள் உடுப்பை நோன்புக்கு முந்தி வாங்குங்க. கேட்டா சிரிப்பீங்க, "புது டிசைன் கடைசி பத்துலதானே வரும்" எண்டு. வரும்தான். கடைசி பத்து ராவும் மெயின் வீதியிலயும் கெய்சர் வீதியிலயும் பிள்ளையை இழுத்துக்கிட்டு அலைஞ்சா லைலத்துல் கத்ரை (கடைசி பத்துல தேடுற மகத்தான ராவு) ட்ரையல் ரூம் வாசல்லயா தேடுறது? தையலுக்கு குடுக்கிறதா இருந்தா ரஜப்லயே குடுங்க, தையல்காரர் சொல்ற திகதியில பத்து நாள் கூட்டித்தான் கணக்கு.

7. பிறை ராவு

ஷஃபான் 29 பின்னேரம். நாடு முழுக்க பிறை பாக்குறாங்க, கண்டவங்க தகவல் குடுக்க, கொழும்பு பெரிய பள்ளிவாசல்ல ஜம்இய்யத்துல் உலமாவும் (மார்க்க அறிஞர்கள் சபை) முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் பள்ளி நிர்வாகமும் உட்கார்ந்து முடிவை அறிவிப்பாங்க. ரேடியோவுல முஸ்லிம் சேவையை போட்டுட்டு காத்திருக்கிற அந்த நேரம்தான் எனக்கு முழு மாசத்துலயும் விருப்பமான நேரம், இந்த வட்ஸ்அப் காலத்துலயும். பொய் மெசேஜ் ஏழு மணிக்கே வந்துரும், நம்பாதீங்க. பிறை கண்டா அன்டைக்கு ராவே தராவீஹ் (நோன்பு மாசத்து ராத் தொழுகை), விடிய சஹர், அதால அன்டைக்கு பகலே சஹருக்கு கறி சமைச்சி ரெடியா வெச்சிருங்க. பிறை இல்லையெண்டா அந்தக் கறி அடுத்த நாள் பகலைக்கு.

சவூதியோட பிடிக்கிறதா உள்நாட்டுப் பிறையா எண்ட சண்டை சில குடும்பங்கள்ல இருக்கு. என் கருத்து, ஒரு வீட்டுக்கு ஒரு பிறை. மாமி ஒரு நாள் பெருநாள், மருமகன் அடுத்த நாள் எண்டு பிரிஞ்சா பிள்ளைகளுக்குத்தான் குழப்பம்.

ஒவ்வொரு வருஷமும் ரமழான் பத்து பதினொரு நாள் முன்னுக்கு வரும் எண்டு தெரியுமே, அப்படி வந்து 2030ல ஜனவரியில ஒருக்கா, டிசம்பர் கடைசியில இன்னொருக்கா எண்டு ஒரே வருஷத்துல ரெண்டு தரம் நோன்பு பிறக்கும். பிள்ளைகளுக்கு சொன்னா வாயைப் பிளப்பாங்க. நமக்கு இங்க பூமத்திய ரேகைக்கு பக்கத்துல இருக்கிறதால எந்த மாசம் வந்தாலும் நோன்பு 13க்கும் 14க்கும் நடுவுல உள்ள மணித்தியாலம்தான், லண்டன்ல இருக்கிற தம்பி கோடைகாலத்துல பட்ட பாடெல்லாம் நமக்கு இல்ல. நேரசூசி எடுக்கக்குள்ள கொழும்புக்கு உரியதை எடுங்க, கிழக்குல சூரியன் ஏழெட்டு நிமிஷம் முந்தி மறையும், காத்தான்குடி மச்சி ஃபோர்வட் பண்ணினதைப் பாத்து நோன்பு திறந்துராதீங்க.

8. ஒரு நோன்பு நாள் எப்படி ஓடுது

மூணே முக்காலுக்கு எலாம். என் உம்மம்மா காலத்துல பாவாமார் றபான் அடிச்சி பைத் படிச்சிக்கிட்டு தெருத் தெருவா வந்து எழுப்புவாங்களாம், இப்ப ஃபோன். ஃபிளாட்ல இருக்கிறவங்க கொஞ்சம் பாத்து, மேல் வீட்டு கீழ் வீட்டு சனம் தூங்குது, கதிரையை இழுக்காதீங்க, பிரஷர் குக்கர் விசில் அடிக்க வெக்காதீங்க. சஹருக்கு சோறு, ஒரு மீனோ முட்டையோ, பருப்பு, கடைசியா ஒரு பிடி சோத்துல தேங்காப்பால், வாழைப்பழம், கொஞ்சம் சீனி போட்டுப் பிசைஞ்சது, இல்லாட்டி தயிர். மாமிக்கு மட்டும் சீனி இல்லாம, பழமும் பாதிதான். உப்புக் கருவாடு, ஊறுகாய் வேணாம், பத்து மணிக்கே தாகம் கொல்லும். தண்ணியை கடைசி அஞ்சு நிமிஷத்துல நாலு கிளாஸ் ஊத்திக்கிறதுல ஒரு பிரயோசனமும் இல்ல, ராவு நோன்பு திறந்ததுல இருந்து தூங்குற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா குடிங்க.

நிய்யத் (நோன்பு பிடிக்கிறேன் எண்ட எண்ணம்) ஒவ்வொரு ராவும் வெக்கணும், ஃபஜ்ருக்கு (விடியத் தொழுகை நேரம்) முந்தி. தராவீஹ் முடிஞ்சதும் பள்ளியில எல்லாருக்கும் சேத்து சொல்லிக் குடுப்பாங்க, வீட்டுல இருக்கிற பொம்பளைகளும் பிள்ளைகளும் மறக்காம வைங்க.

பகல்ல குசினி பக்கமே போகாதீங்க. என் கணக்கு: மூணரைக்கு குசினிக்குள்ள போனா அஞ்சே முக்காலுக்கு முடியணும். முதல்ல கஞ்சி. பச்சையரிசி ஒரு கப், பாசிப்பயறு கால் கப், ரெண்டையும் லுஹருக்கு (பகல் தொழுகை நேரம்) கழுவி ஊற வெச்சிருப்பேன். குக்கர்ல எலும்போட இறைச்சி கால் கிலோ, தட்டின இஞ்சி, வெள்ளைப்பூடு பத்து பல்லு, வெந்தயம் ஒரு தேக்கரண்டி, கறுவா, ஏலம், கராம்பு, ஒரு துண்டு ரம்பை, கறிவேப்பிலை, எட்டு கப் தண்ணி. இறைச்சி நல்லா அவிஞ்ச பிறகு அரிசியும் பயறும் போட்டு குழைய விட்டு, கடைசியா உப்பும் ஒரு கப் கெட்டித் தேங்காப்பாலும். பால் விட்ட பிறகு ஒரு கொதி, அவ்வளவுதான், கூட விட்டா திரைஞ்சிரும். உப்பு பாக்க ஏலாதே எண்டு தவிக்காதீங்க, தேவைக்கு நாக்கு நுனியில வெச்சி பாத்துட்டு துப்பிரலாம், முழுங்கக் கூடாது, அதுதான்.

பள்ளிக் கஞ்சி இருக்கே, அதை விட்டுறாதீங்க. அஸருக்குப் பிறகு பொடியன்மார் ஜக்கோட வரிசையில நிக்கிறது நம்ம ஊர்ல ஒரு அழகு. நாங்க கிழமையில மூணு நாள் பள்ளிக் கஞ்சி, மத்த நாள் வீட்டுக் கஞ்சி. வீட்டுக் கஞ்சிதான் கௌரவம் எண்டு நெனைச்சிக்கிட்டு இருந்தேன், அந்தப் பெரிய தேக்சாவுல வர்ற ருசி குக்கர்ல எந்தக் காலத்துலயும் வராது.

பொரிக்கிற நாள்ல அஞ்சரைக்கு எண்ணெய் வெக்கிறது. மேசை வெக்கிறது பிள்ளைகளோட வேலை, ஒருத்தன் பேரீச்சம்பழம், ஒருத்தன் தண்ணி, மகள் சர்பத்துக்கு கசகசா ஊற வெக்கிறது. அவர் வந்ததும் பழம் வெட்டுறது. ஆம்பளை கத்தி எடுத்தா விரல் போயிராது, முதல் வருஷம் அன்னாசி மட்டும் கொஞ்சம் போயிருச்சி, அவ்வளவுதான். மேசையில ரெண்டு பொரியல் சாமானுக்கு மேல வேணாம். அடுத்த வீட்டுல ஏழு வகை எண்டா அது அடுத்த வீட்டு விஷயம்.

பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், தண்ணி, கஞ்சி, பிறகு எழும்பி மஃரிப். மத்ததெல்லாம் தொழுதிட்டு வந்துதான். எல்லாத்தையும் ஒரே இருப்புல தின்னா தராவீஹ்ல குனிஞ்சி ருகூஉ செய்ய ஏலாம போயிரும்.

வேலைக்குப் போறவங்களுக்கு ஒண்டு. அஞ்சு மணிக்கும் ஆறரைக்கும் நடுவுல டெக்னிகல் சந்தி, மருதானைப் பக்கம் எல்லாம் அசையாது. பேக்ல எப்பவும் ஒரு சின்ன டப்பாவுல மூணு பேரீச்சம்பழமும் ஒரு போத்தல் தண்ணியும் இருக்கட்டும். அவர் ஒருக்கா பஸ்ஸுக்குள்ள நோன்பு திறந்தார், பக்கத்துல நின்ட சிங்கள ஆன்ட்டி, நேரம் ஆச்சி எண்டு கண்டுபிடிச்சி, ஸீட்டை விட்டு எழும்பி "மஹத்தயா, வாடிவெலா கன்ன" எண்டாங்களாம். உட்கார்ந்து சாப்பிடுங்க எண்டு. இன்டைக்கும் சொல்லிச் சொல்லி சந்தோஷப்படுவார்.

9. பிள்ளைகள்

பருவம் அடையுற வரைக்கும் கடமை இல்ல, பழக்கத்தான் வேணும். சின்னவனுக்கு அரை நோன்பு, லுஹரோட ஒண்டு திறப்பான், திரும்ப மஃரிபோட ஒண்டு திறப்பான், ஒரு நாள்ல ரெண்டு நோன்பு பிடிச்சேன் எண்டு பெருமை வேற. நடுவுலான் ஒன்பது வயசு, போன வருஷம் பன்னிரண்டு முழு நோன்பு. மூணு மணியில இருந்து ஆறு மணி வரைக்கும் "உம்மா, இன்னும் எவ்வளவு நேரம் ஈக்கி?" எண்டு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா வரும். அந்த நேரத்துக்கு ஒரு வேலை குடுங்க, பள்ளிக்கு கஞ்சி எடுக்க அனுப்புறது, பக்கத்து வீட்டுக்கு தட்டு குடுத்தனுப்புறது. முகம் வெளிறி, தலை சுத்துது எண்டா திறக்க விடுங்க, மத்தப் பிள்ளையோட ஒப்பிட்டுக் கதைக்காதீங்க.

முஸ்லிம் ஸ்கூல் எண்டா நோன்புக்கு லீவு. மத்த ஸ்கூல்ல படிக்கிறவங்களுக்கு வழமை போல ஸ்கூல்தான், அதால முதல் நாளே கிளாஸ் டீச்சருக்கு ஒரு சின்ன கடிதம் எழுதுங்க, விளையாட்டுப் பயிற்சியில கடும் வெயில்ல ஓட விட வேணாம், இன்டர்வல்ல லைப்ரரியில இருக்க விடுங்க எண்டு. எங்க மகளோட டீச்சர் கேட்ட உடனே சரி எண்டாங்க.

10. குர்ஆனும் தராவீஹும்

ஒரு மாசத்துல ஒரு ஹத்தம் (முழுக் குர்ஆனும் ஓதுறது) முடிக்க ஆசையா? மதீனா பிரிண்ட் குர்ஆன் 604 பக்கம், ஒரு ஜுஸ்உ (முப்பதுல ஒரு பாகம்) ஏறக்குறைய 20 பக்கம். அஞ்சு நேரத் தொழுகைக்கும் பின்னால நாலு நாலு பக்கம் ஓதினா முப்பது நாள்ல 600, மிச்சம் நாலையும் கடைசி நாள் சேத்து ஓதினா முடிஞ்சிரும். ஒரே இருப்புல 20 பக்கம் எண்டு உட்கார்ந்தா நாலாம் நாள் விட்டுருவீங்க. நோன்பு இல்லாத நாள்ல பொம்பளைகள் கேக்குறதுக்கு ஓடியோ, திக்ரு, துஆ எண்டு வெச்சிக்கோங்க.

தராவீஹ் எட்டு ரகஅத்தா இருபது ரகஅத்தா எண்டு எங்க வீட்டுல கதைக்கிறதை தடை பண்ணியாச்சி. பக்கத்துப் பள்ளியில பொம்பளைகளுக்கு இடம் இருக்கா எண்டு முந்தியே விசாரிங்க. இல்லாட்டி வீட்டுல ஜமாஅத். 2020ல பள்ளி எல்லாம் பூட்டிக் கிடந்தப்ப அவருதான் இமாம், தெரிஞ்ச சின்ன சூராவையே திரும்பத் திரும்ப ஓதினார், பின்னால மாமி, நான், பிள்ளைகள். அந்த வருஷம் பிள்ளைகள் மனப்பாடமாக்கின சூராக்கள் இன்டைக்கும் மறக்கல்ல.

11. அக்கம் பக்கம்

கஞ்சி காய்ச்சினா அடுத்த வீட்டுக்கும் போகணும். எங்க லேன்ல ஒரு தமிழ் குடும்பம், வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும்தான், அதால வெள்ளிக்கு எலும்பு போடாம பயறும் தேங்காப்பாலும் மட்டும் போட்டு காய்ச்சுறது, தனிச் சட்டியில தனி அகப்பையால. கேட்டுட்டு குடுங்க, கேக்கிறதுல ஒண்டும் குறையாது.

12. ஸகாத்

ஸகாத் (சொத்துல இருந்து குடுக்கிற கடமையான தர்மம்) ரமழானோட கடமை இல்ல, சொத்து நிஸாபை (அது கடமையாகிற குறைஞ்ச அளவு) அடைஞ்சி ஒரு சந்திர வருஷம் பூர்த்தியாகிறதுதான் கணக்கு. நன்மை கூட எண்டு நம்ம ஆக்கள் ரமழான்ல குடுக்கிறது வழக்கம். 85 கிராம் தங்கத்தோட பெறுமதி அளவுக்கு காசு, வியாபாரச் சரக்கு எல்லாம் சேத்து இருந்தா இரண்டரை சதவீதம். கடை வெச்சிருக்கிறவங்க ஸ்டொக் எடுக்கிறதை ஷஃபான்லயே முடிங்க. போட்டுக்கிற நகைக்கு இருக்கா இல்லையா எண்டதுல கருத்து வித்தியாசம் இருக்கு, உங்க மௌலவிகிட்ட கேட்டு செய்யுங்க. வாசல்ல வரிசையில நிக்க வெச்சி நூறு இருநூறு குடுக்கிறது எனக்கு பிடிக்காது. ஒரு குடும்பத்துக்கு ஒரு தையல் மெஷின் வாங்குற அளவுக்கு சேத்துக் குடுத்தா அடுத்த வருஷம் அவங்க நம்ம வாசலுக்கு வரத் தேவையில்ல.

13. கடைசி பத்து

இருபதாவது நோன்போட வீட்டுல சமையலை பாதியாக்குங்க. நான் 18, 19ல ரெண்டு கறி செஞ்சி ஃபிரீஸ் பண்ணிருவேன். 27ஆம் ராவு மட்டும் கூட்டம் கூட்டமா பள்ளிக்குப் போறது நம்ம வழக்கம், ஆனா தேடச் சொன்னது கடைசி பத்தோட ஒற்றைப்பட ராவுகள் எல்லாத்துலயும், 21, 23, 25, 27, 29. அஞ்சு ராவும் முழிக்க ஏலாதவங்க அஞ்சு ராவும் ஒரு மணித்தியாலம் முந்தி எழும்பினாலும் பரவால்ல. அவர் முடிஞ்சா மூணு நாளாவது இஃதிகாஃப் (பள்ளியிலயே தங்கி வணங்குறது) இருப்பார், அப்ப பிள்ளைகளை ராத்தா ஒரு ராவு பாப்பாங்க, நான் ஒரு ராவு அவங்க பிள்ளைகளைப் பாப்பேன். உம்மாமாருக்கும் ஒரு ராவு தனியா கிடைக்கணும் இல்லையா.

14. பித்ராவும் பெருநாள் ராவும்

ஸதகத்துல் பித்ர் (பெருநாளோட ஏழைக்கு குடுக்கிற தர்மம்) தலைக்கு ஒரு ஸாஉ, நாலு முத்து, ஏறக்குறைய 2.4 கிலோ அரிசி. கைக்குழந்தைக்கும் உண்டு. எங்களுக்கு ஆறு பேருக்கு 14.4, நாங்க 15 கிலோவா எடுத்து மூணு மூணா பேக் பண்ணி வெச்சிருவோம், நாம சாப்பிடுற அதே அரிசி, வண்டு விழுந்ததை இல்ல. பெருநாள் தொழுகைக்கு முந்தி போய்ச் சேரணும். கடைசி நிமிஷத்துல யாருக்கு குடுக்கிறது எண்டு தேடாம 25லயே ஆளைத் தெரிஞ்சி வெச்சிக்கோங்க.

வட்டிலாப்பம் பிறை கண்ட ராவு அவிக்கிறது. முட்டை பத்து, கித்துல் கருப்பட்டி அரைக் கிலோ, கெட்டித் தேங்காப்பால் ரெண்டு கப், ஏலம், கொஞ்சம் சாதிக்காய். கருப்பட்டியை சூடாக்கி கரைச்சா ஆறின பிறகுதான் முட்டையோட சேக்கணும், இல்லாட்டி முட்டைப் பொரியலும் இனிப்பும்தான் கிடைக்கும். வடிச்சி, மூடி, மெல்லிய நெருப்புல முக்கால் மணித்தியாலம். பிறை 29லயே தென்பட்டுரும் எண்டு நெனைச்சி முட்டையை அடிச்சி வெச்சிராதீங்க, ஒருக்கா அப்படி அடிச்சி வெச்சிட்டு முப்பதாவது நோன்பை அந்த வாசத்தோட பிடிச்சோம்.

பெருநாளைக்கு அடுத்த நாள்ல இருந்து ஷவ்வால் (பெருநாள் வர்ற மாசம்) ஆறு நோன்பு. பொம்பளைகள் முதல்ல களாவா ஆறா எண்டு கேப்பாங்க, நான் முதல்ல களா.

அப்புறம் அந்தக் கொப்பியை திரும்ப எடுங்க. போன வருஷம் நான் எழுதினது இப்படி: சமூசா 22 மிச்சம், அடுத்த தரம் 80 போதும். பேரீச்சம்பழம் பத்தல்ல. கேஸ் சிலிண்டர் 24ஆம் நோன்புல முடிஞ்சிச்சி. மகளுக்கு களா 6. மேசையில உட்கார்ந்தது 30க்கு 26.